இல்லாததால் வந்த நோய்

"சோத்தையே விட்டுட்டேன் சார்" என்று பூங்காவில் நடக்க வருகிறவர்கள் சொல்லும்போது குரலில் ஒரு துறவியின் பெருமிதம். சற்று நேரத்தில் எதிர் டீக்கடையில் சர்க்கரை போட்ட டீயில் பிஸ்கட்டை முக்கிக்கொண்டிருப்பார்கள். மைதாவும் சர்க்கரையும்கூட கார்போஹைட்ரேட்தான். குற்றவாளிக் கூண்டில் நிற்பது என்னவோ சோறு மட்டும்.

அரிசி கூண்டில் ஏறுவது இது முதல் முறையல்ல. 1890களில் ஜாவா தீவில் டச்சு மருத்துவர் கிறிஸ்தியான் எய்க்மான் பெரிபெரி நோய்க்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தார். கால் மரத்து, நடை தள்ளாடி, இதயம் ஓய்ந்து ஆட்கள் சாகிற நோய். ஒரு கட்டத்தில் அவருடைய ஆய்வுக்கூடக் கோழிகளும் அதேபோலத் தள்ளாடின. பிறகு தாமாகவே தேறின. விசாரித்தால், சங்கதி சமையலறையில் இருந்தது. ராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த சமையல்காரர், ராணுவச் சோறு கோழிக்கு எதற்கு என்று மறுத்துவிட்டார். தீட்டாத அரிசிக்குத் திரும்பியதும் கோழிகள் பிழைத்தன.

வெள்ளை அரிசியில் ஏதோ விஷம் இருப்பதாக எய்க்மான் நினைத்தார். அவருக்குப் பின் வந்த கெரிட் க்ரைன்ஸ் 1901இல் அதைத் திருத்தினார். அரிசியில் இருக்கும் எதுவும் நோயைத் தரவில்லை. தவிட்டோடு போய்விட்ட ஒன்று இல்லாததால் நோய் வந்தது. அந்த ஒன்றுதான் பி1 வைட்டமின்.

நெல்லை அவித்துக் காயவைத்து அரைக்கிற நம் புழுங்கலரிசியில் அந்தச் சத்து ஓரளவு அரிசிக்குள் இறங்கித் தங்கிவிடுகிறது. முன்னோர் விஞ்ஞானம் என்று நான் கொடி பிடிக்கவில்லை. அவித்த நெல் அரைவையில் நொறுங்காது என்பதே அவர்களுக்குப் போதுமான லாபம்.

குற்றம் அரிசிக்குள்தான் இருக்கிறது என்ற எய்க்மானின் முதல் எண்ணத்தில்தான் நாம் இன்னும் நிற்கிறோம். இந்தியர்கள் உண்ணும் கலோரியில் சுமார் 62 விழுக்காடு கார்போஹைட்ரேட்டிலிருந்து வருகிறது என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆதரவில் நடந்த ஆய்வு. தானியத்திலிருந்து 45 விழுக்காட்டுக்கு மேல் வேண்டாம் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் சொன்ன அளவு. உடனே சிறுதானியத்துக்குத் தாவுகிறோம். அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது: மொத்த அளவைக் குறைக்காமல் அரிசியின் இடத்தில் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைத்தால் நீரிழிவு அபாயம் குறைவதாகத் தெரியவில்லை, ஒரு பங்கைப் பருப்பு, பால் போன்றவற்றின் புரதத்துக்குக் கொடுத்தால் குறைகிறது.

நம் வீட்டு மதியத் தட்டைப் பாருங்கள். நடுவில் சோற்றுக் குவியல், அதன்மேல் தெளிவாக ஓடும் சாம்பார், ஓரத்தில் ஊறுகாய்க்குப் போட்டியாக ஒரு கரண்டி பொரியல். பொரியலும் உருளைக்கிழங்கு என்றால் கேட்கவே வேண்டாம். தவிடு ஆலையிலேயே போயிற்று. பருப்பும் கீரையும் போனது நம் கையால். வயலில் குனிந்து நிமிர்ந்த உடம்புக்கு அளந்த சோறு, நாற்காலியில் அமர்ந்த உடம்புக்கும் அப்படியே தொடர்கிறது. விட்டுப்போனவை இத்தனை இருக்க, மிச்சம் நிற்கிற சோற்றின் மேல் வழக்கு.

சோறு பாதியாகட்டும், சுண்டலோ கீரைக்கூட்டோ அந்த இடத்துக்கு வரட்டும். கம்பும் கேழ்வரகும் வேண்டுமென்றால் தாராளமாக, அளவோடு. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் மட்டும் முதலில் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சோறு குறைந்தால் மருந்தின் அளவையும் குறைக்க வேண்டியிருக்கும்.