தேவாலயச் சுவரில் ஒரு ரொட்டி

காலையில் எதை உண்பது, அதற்கு என்ன விலை கொடுப்பது என்பவற்றைச் சமய விசாரத்தோடு சேர்த்துப் பேசுவது அற்ப விஷயத்தைப் பெரிதுபடுத்துவதாகச் சிலருக்குத் தோன்றலாம். ஆயினும் இயேசு தம் சீடர்களுக்குக் கற்பித்த ஜெபத்தில், பாவமன்னிப்பை வேண்டுவதற்கு முன்பாகவே அன்றைய ஆகாரத்தை வேண்டும் விண்ணப்பம் வந்துவிடுவதை நினைக்கும்போது, அந்த வரிசையைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை.

ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில், கருங்காட்டு மலைகளின் அடிவாரத்தில் இருக்கும் ஃபிரைபுர்க் நகரத்தில் பிரயாணிக்கு மலிவான காலையுணவு கிடைப்பது கடினமன்று. விடுதிக்காரர்கள் தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு பரப்பி வைக்கும் பாலாடைக்கட்டி, இறைச்சி, பழரச வரிசைகளை வேண்டாமென்று விட்டுத் தெருவில் இறங்கினால், சற்று தூரத்திலேயே ஒரு ரொட்டிக்கடையில் விளக்கெரிந்துகொண்டிருக்கும். உப்புத் தூவிச் சுட்டு, நடுவே பிளந்து வெண்ணெய் தடவிய பிரெட்செல் ஒன்றையும் ஒரு கோப்பைக் காப்பியையும் வாங்கி, நாற்காலியில்லாத உயர்ந்த மேஜையருகே நின்றவாறே உண்டு முடித்தால், விடுதியில் கேட்கும் தொகையில் ஒரு சிறு பங்குதான் செலவாகும். அவ்வூரார் வெக்லே என்று சொல்லும் சிறு ரொட்டி மட்டும் போதுமென்றால் அதைவிடவும் குறைவு.

இப்படி நின்று உண்ணும் பிரயாணிக்கு, தான் ஏதோ ஒரு விரதத்தை அனுஷ்டித்துவிட்டதாகத் திருப்தி உண்டாவது சகஜம். அந்தத் திருப்தியை நான் நம்புவதில்லை. பையில் பணமிருந்தும் குறைத்து உண்பவனுடைய எளிமை அவனுடைய ருசியைச் சேர்ந்தது; பணமே இல்லாதவனுக்கோ அதே வெக்லே, அதன் அளவில் ஒரு விரற்கடை குறைந்தாலும் பசியாக மாறிவிடுகிற பொருள். ஆகவே போதுமென்ற மனத்தைப் பற்றிப் போதிக்கப் புறப்படுகிறவன், முதலில் தராசைப் பற்றிப் பேசக் கடமைப்பட்டவன்.

ஃபிரைபுர்க்கில் அந்தப் பேச்சு கல்லிலேயே நிகழ்ந்திருக்கிறது. மூன்ஸ்டர் என்னும் பேராலயத்தின் 116 மீட்டர் உயரமுள்ள கோபுரத்தின் வாசல் மண்டபச் சுவரில், ரொட்டிகளின் உருவளவுகள் 1270, 1317, 1320 என்னும் ஆண்டுகளோடு செதுக்கப்பட்டிருக்கின்றன. அக்காலத்து வழக்கப்படி ரொட்டியின் விலை நிலையாக நிற்க, தானியத்தின் விலைக்கேற்ப அதன் அளவே கூடியும் குறைந்தும் வந்தது. 1317 என்பதோ, 1315 முதல் ஓயாத மழையால் விளைச்சல் அழிந்து ஐரோப்பாவின் வடபகுதி பெரும்பஞ்சத்தில் வாடிய காலத்தைச் சேர்ந்த ஆண்டு. கோபுரத்தைச் சுற்றிய சந்தையில் ரொட்டி வாங்கிய ஏழைப் பெண் சந்தேகம் தோன்றினால் அதைச் சுவரோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம். அதே மண்டபத்தின் உள்வாசலுக்கு மேலே இறுதித் தீர்ப்பின் சிற்பம் இருக்கிறது. எடை குறைத்த வணிகன் வழிபடச் செல்லும்போது இரண்டையும் கடந்தே செல்ல வேண்டும்.

ஏறக்குறைய அதே காலத்தில் தாமஸ் அக்குவினாஸ், ஒரு பொருளை அதன் தகுதிக்கு மேற்பட்ட விலைக்கு விற்பது பாவமா என்று ஆராய்ந்து, நியாயவிலை என்பது துல்லியமான ஒரு புள்ளியன்று, உத்தேச மதிப்பே என்று ஒப்புக்கொண்டார். தத்துவஞானிக்கு உத்தேசம் போதும். பசித்தவளுக்குப் போதாது என்பதனால்தான் கொத்தனை அழைத்தார்கள் போலும். வனாந்தரத்தில் பெய்த மன்னாவோ, மிகுதியாகச் சேர்த்தவனுக்கு மிஞ்சாமலும், கொஞ்சமாகச் சேர்த்தவனுக்குக் குறையாமலும் இருந்ததாக யாத்திராகமம் சொல்கிறது. அங்கே அளந்தவன் ஆண்டவன், சந்தையில் அளக்க மனிதர்தாம் உண்டு. மார்ட்டின் லூதரும் 1529-இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேசத்தில், அன்றாட ஆகாரம் என்னும் வேண்டுதலுக்குள் வீட்டையும் ஆடையையும் மட்டுமல்லாமல், நல்ல ஆட்சியையும் நேர்மையான அயலாரையும் சேர்த்துக்கொண்டார்.

சுவரில் செதுக்கப்படாத ஓர் அளவும் உண்டு. அது ரொட்டி சுடுகிறவனுடைய தூக்கம். முதல் உலகப்போரின்போது, 1915-இல், ஜெர்மனியில் இரவில் ரொட்டி சுடுவது தடைசெய்யப்பட்டது. பல மாறுதல்களோடு நீடித்த அத்தடை 1996-இல்தான் நீங்கியது. விடியுமுன் சூடாகக் கிடைக்கும் பிரெட்செலுக்காக எவனோ நள்ளிரவில் மாவு பிசைகிறான் என்பதை, அதன் விலையை மெச்சுகிற நாம் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து மட்டும் அந்நாட்டார் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. வேலையிலிருந்து ஓய்வதற்கும் ஆன்ம உயர்வுக்கும் உரிய நாளாக அதைக் காக்கும் 1919-ஆம் ஆண்டு வைமார் அரசியல் சட்டத்தின் விதி, 1949-இன் அடிப்படைச் சட்டத்துக்குள்ளும் அப்படியே ஏற்றுக்கொள்ளப்பட்டது. ரொட்டிக்கடைகளுக்கு மாத்திரம் சில மணிநேரச் சலுகை உண்டு. அந்நேரம் தவறி எழுந்து, சாத்திய கதவின் முன் நின்று முணுமுணுக்கும் பிரயாணியிடம் எனக்கு அனுதாபம் உண்டு என்றாலும், நியாயம் கடைக்காரப் பெண்ணின் பக்கமே இருக்கிறது. பசி பொறுக்காதவர்கள் ரயில் நிலையத்துக்கு நடக்கலாம். அங்கே ஞாயிறன்றும் கடை உண்டு.