முதலில் எது?

குமாரபாளையத்திலிருக்கும் என் அக்காள் மகன், சென்ற ஆண்டு ஒருநாள், நான்காக மடித்த காகிதம் ஒன்றை என் கையில் கொடுத்தான். மளிகைக் கடைச் சீட்டாக்கும் என்று பிரித்தேன். மைக், அதைக் கணினியோடு இணைக்கும் பெட்டி, ஹெட்போன், ஒரு ஜோடி ஸ்பீக்கர், அறைச் சுவருக்கு மெத்தை வேலை என்று ஐந்து இனங்கள், எதிரே விலைகள், அடியில் கூட்டல் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தது. கையிலிருந்ததோ நாற்பதாயிரம். அதுவும் அவன் தாய் ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்துக் கொடுத்த பணம்.

"முதல்ல எதை வாங்கறதுன்னு நீங்களே சொல்லுங்க மாமா. நாலு புஸ்தகம் எழுதினவங்க நீங்க" என்றான்.

நாலு புத்தகம் எழுதியவனுக்கு மைக்கைப் பற்றி என்ன தெரியும்? தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் யோசனை கேட்டு வந்தவனிடம் தெரியாது என்று சொல்ல இந்த நாட்டில் எந்தத் தாய்மாமனுக்கு மனம் வந்திருக்கிறது? "வாங்குவதில் உயர்ந்ததாக ஒன்றை வாங்கு. நல்ல மைக்காக வாங்கிவிடு. மற்றவை பின்னால் வரும்" என்றேன். கேட்பதற்கு அது விவேகமாகத்தான் இருந்தது.

அவன் தொழிலைச் சொல்லிவிட வேண்டும். வீட்டு மாடியில் பத்தடிக்குப் பத்தடியில் ஓர் அறை. அதுதான் ஒலிப்பதிவுக் கூடம். கோயில் திருவிழாப் பாட்டு, பள்ளி ஆண்டுவிழாப் பாட்டு, ஜவுளிக்கடை விளம்பரம் இவற்றைப் பதிவு செய்து கொடுத்து மாதத்தை ஓட்டுகிறான். தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. பகலென்றும் இரவென்றும் இல்லாமல் அவை அடித்துக்கொண்டே இருக்கும். ஆகையால் மின்வாரியம் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாள்தான் அவனுக்கு முகூர்த்த நாள். அன்று தறிகள் ஓய்ந்து தெரு மௌனமாகிவிடும். மடிக்கணினியின் பேட்டரியை நம்பி, முக்கியமான பதிவுகளை அன்றைக்கு வைத்துக்கொள்வான்.

இருபத்தாறாயிரம் கொடுத்துக் கண்டென்ஸர் மைக் ஒன்று வாங்கினான். வந்த பிறகுதான் விஷயம் விளங்கிற்று. பழைய டைனமிக் மைக் கொஞ்சம் காது மந்தம். வாயருகே பேசினால்தான் கேட்கும். புதியதற்கோ கூர்மையான காது. பாடுகிறவனின் மூச்சையும் கேட்டது. மூன்றாவது தெருவின் தறியையும் கேட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த அறையின் மோசமான எதிரொலியை ஒன்று விடாமல் கேட்டு எழுதிக்கொண்டது.

பிறகு அவன் கற்றுக்கொண்டு எனக்குச் சொன்ன பாடங்கள் இவை. ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 1,125 அடி ஓடுகிறது. பத்தடி இடைவெளியுள்ள இரண்டு வெறுஞ்சுவர்களுக்கு நடுவே, வினாடிக்கு ஏறக்குறைய 56 முறை அதிரும் தாழ்ந்த ஒலி மாட்டிக்கொண்டால், அது போகாமல் நின்று வீங்கும். நீளமும் அகலமும் ஒன்றாயிருக்கும் சதுர அறையில் இந்த உபத்திரவம் இரட்டிப்பு. மெல்லிய நுரைத் தகடு கீச்சொலியைத்தான் விழுங்கும். தாழ்ந்த ஒலியை விழுங்கக் கனமான பஞ்சு வேண்டும். வெளிச்சத்தத்தைத் தடுக்கவோ பஞ்சும் போதாது. கனமான சுவரும் காற்றுப் புகாத கதவும் வேண்டும். இன்னொன்றும் சொன்னான். மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால், நேரே வந்து சேரும் குரலின் செறிவு நான்கு மடங்காகும். அறையின் எதிரொலி அப்படி ஏறுவதில்லை. ஓரடி முன்னே நகர்வதற்கு ஒரு காசும் செலவில்லை!

இதைக் கேட்டபோது எனக்கு வெட்கமாயிருந்தது. பல வருஷங்களுக்கு முன்பு, கதை ஓடவில்லை என்று சேலத்தில் தேக்கு மேஜை ஒன்று செய்வித்தேன். மேஜை வந்தது, அதற்கேற்ற நாற்காலி வந்தது, விளக்கு வந்தது. அந்த வருஷம் நான் எழுதிய கதைகள் இரண்டு. இரண்டும் திண்ணையில் உட்கார்ந்து எழுதியவை. வேலையைச் செய்யத் தயங்கும் மனம், வேலைக்கான சாதனத்தைத் தேடுவதில் அசாத்தியச் சுறுசுறுப்புக் காட்டும். வாங்குவதும் வேலை செய்வதைப் போலவே தோன்றுவதுதான் அதிலுள்ள மயக்கம்.

ஆனால், 'கருவியில் என்ன இருக்கிறது, திறமை இருந்தால் போதும்' என்று உபதேசம் செய்பவர்களையும் நான் நம்புவதில்லை. அப்படிச் சொல்பவர்களிடம் பெரும்பாலும் நல்ல கருவி இருக்கும். 1989-ல் கோடம்பாக்கத்தில் வீட்டை ஒட்டி ஒலிப்பதிவுக் கூடம் கட்டிய ஏ. ஆர். ரஹ்மான், குளிர்சாதனமும் அலமாரியும் கம்பளமுமாக அறை மட்டுமே இருந்தது, உள்ளே வைக்கக் கருவி வாங்கப் பணமில்லை, தாயார் தம் நகையை அடகு வைக்கக் கொடுத்த பிறகே முதல் ரிக்கார்டர் வந்தது என்று தாமே சொல்லியிருக்கிறார். 1992-ல் வெளிவந்த 'ரோஜா'வின் பாட்டுகள் அந்தக் கூடத்தில் உருவானவை. அந்த ரிக்கார்டரை ஆடம்பரம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதலில் அறை இருந்தது; பிறகுதான் கருவி வந்தது.

எங்கள் பக்கத்திலேயே இதற்கு உதாரணம் உண்டு. தமிழ்ப்பட முதலாளிகள் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் போய் வாடகைக் கூடங்களில் படமெடுத்துக்கொண்டிருந்த காலத்தில், திருச்செங்கோட்டுக்காரரான டி. ஆர். சுந்தரம் 1935-ல் சேலம் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். இங்கிலாந்தில் நெசவுத் தொழில் படித்துவிட்டு வந்தவர் அவர். அங்கிருந்து நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் வந்தன. வர்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' வந்தது 1956-ல். இடம் முதலில், வர்ணம் இருபது வருஷம் கழித்து. இன்று அங்கே அந்த முகப்பு வளைவுதான் நிற்கிறது. அதைக் கடந்து போகும்போதெல்லாம் அந்த வரிசையை நினைத்துக்கொள்வேன்.

அப்படியானால், பலவீனமான இடத்தை முதலில் சரிசெய் என்பதுதான் விடையா? பாதி விடை. எது பலவீனமான இடம் என்று பார்க்க நேர்மை வேண்டும். மைக்கின் குறையைச் சொல்வது சுலபம். அறையின் குறையைச் சொல்வது கொஞ்சம் கடினம். காதின் குறையையும் உழைப்பின் குறையையும் சொல்லிக்கொள்வது எல்லாவற்றிலும் கடினம். ஆகையால் நமது பட்டியல்கள் சுலபத்திலிருந்தே ஆரம்பிக்கின்றன.

மீதிப் பாதியை நான் தெரிந்துகொண்ட விதத்தைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே.

என் தாயார் கடைசிக் காலத்தில் அக்காள் வீட்டில் இருந்தாள். நாற்று நடும்போது பாடும் பாட்டுகளும் தாலாட்டுகளும் அவளிடம் எத்தனையோ இருந்தன. எழுத்தாளனாகிய நான் அவற்றில் ஒன்றையும் எழுதி வைத்ததில்லை. பேரன்தான், "அம்மாயி, அடுத்த கரண்ட் நிறுத்தற நாள் உன் பாட்டெல்லாம் புடிச்சு வெச்சுரலாம்" என்றான். அந்த நாளும் வந்தது. அவள் காலையிலேயே குளித்து, தலைசீவி, புடவை மாற்றிக்கொண்டு மாடிப்படியருகே உட்கார்ந்திருந்தாளாம். அவன் எனக்குப் போன் செய்தான். "புது மைக் வர இன்னும் பத்து நாள் ஆகும்போல மாமா. பழசுலயே புடிச்சுரட்டுமா?"

"அம்மாவின் குரலை அரைகுறையாகப் பிடிப்பானேன்? அடுத்த மாதம் நல்லதிலேயே எடு" என்றேன்.

அடுத்த மாத மின்தடைக்கு நாலு நாள் முன்பு அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வாய் கோணி, பேச்சுப் போயிற்று. ஏழு மாதம் இருந்தாள். புதிய மைக் மாடியில் இருந்தது.

எஞ்சியிருப்பது, அதற்கு முன்பு எப்போதோ பழைய மைக்கைச் சோதிப்பதற்காக அவன் எடுத்த மூன்று நிமிஷப் பதிவு. பின்னணியில் தறிகள் கடகடவென்று ஓடுகின்றன. நடுவில் இருமுகிறாள். "போதுமாடா?" என்று கேட்கிறாள். பையன், "போதும் அம்மாயி" என்கிறான். எனக்கு அந்த இடம் தாங்குவதில்லை.

துஷ்டி கேட்க வந்தவர்களெல்லாம் போனபின், "இந்தச் சத்தத்தை எடுத்துவிட முடியுமா?" என்று கேட்டேன்.

"எடுக்கலாம் மாமா. எடுத்தா அம்மாயி குரலும் கொஞ்சம் போயிரும்" என்றான்.

வேண்டாம் என்றுவிட்டேன்.

இதனால் அரைகுறை வேலையே போதும் என்று சொல்ல வரவில்லை. அதையும் அவனே எனக்குச் சொன்னான்: "இது நம்ம வீட்டுக்கு மாமா. காசு வாங்கிப் பண்ற வேலைக்கு இது ஆகாது." உண்மைதான். காசு கொடுப்பவனுக்கு நாம் தரம் கடன்பட்டிருக்கிறோம். அந்தக் கடனுக்காக அறையைச் சீர்செய்ய வேண்டும். கருவியையும் வாங்கத்தான் வேண்டும். ஆற்றுக்கு அக்கரையிலுள்ள பவானியிலிருந்து ஜமக்காளங்கள் வாங்கித் தொங்கவிட்டான். மூலைகளில் கனத்த பஞ்சு மெத்தைகளை நிறுத்தினான். மிச்சமிருந்த பணத்துக்குள் அது முடிந்தது. இப்போது அந்த மைக் தன் விலைக்குப் பாடுகிறது.

ஆனால் காலத்துக்கும் நாம் கடன்பட்டவர்கள். கடையில் இருக்கும் பொருள் அடுத்த வருஷமும் இருக்கும். இன்னும் மலிவாகக்கூட இருக்கும். எழுபத்தெட்டு வயதுக் குரல் அப்படி இருக்காது. எதை முதலில் வாங்குவது என்று கேட்பதற்கு முன்பு, எது முதலில் போய்விடும் என்று கேட்டிருக்க வேண்டும். மருமகனுடைய காகிதத்தில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. அவனுக்கு வயது இருபத்துநாலு. நாற்பதைக் கடந்த எனக்காவது அது தோன்றியிருக்க வேண்டும்.

சென்ற மாத மின்தடையன்று அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்துத் தெருவிலிருந்து வயதான தெருக்கூத்துக் கலைஞர் ஒருவரை அழைத்து வந்திருந்தான். புதிய மைக்கின் கம்பியில் ஏதோ பழுது, கரகரவென்றது. அவன் என் முகத்தைப் பார்த்தான்.

"பழசை எடு" என்றேன்.