விளைவிலிருந்து காரணம்: கியர் கோளாறும் அளவை இயலும்

கண்ணெதிரே இருப்பது விளைவு மட்டும். காரணம் மறைந்திருக்கிறது. விளைவைக் கொண்டு அந்தக் காரணத்தை உறுதியாகச் சொல்ல முடியுமா? அளவை இயலின் மிகப் பழைய கேள்விகளில் இது ஒன்று. கைமாறி வந்த பழைய மவுன்டன் பைக்கில் கியர் சரியாக விழாதபோது இதே கேள்வி எழுகிறது. அங்கே விடையைக் கையோடு சோதித்தும் பார்க்கலாம்.

மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி நகரில் அளவைவாதி இதை விளக்குகிறான். ஐம்பொறியால் நேரே அறிவது காண்டல். கண்டதைக் கொண்டு காணாததைத் துணிவது கருதல், அதாவது அனுமானம். கருதலில் ஒரு வகை எச்சம்: ஆற்று வெள்ளத்தைக் கண்டு மேலே மழை பெய்திருக்கிறது என்று முடிவுசெய்வது. கருமுகிலைக் கண்டு மழை வரும் என்பது இதற்கு மறுதலையான வகை. அதன் பெயர் முதல். பழுது பார்ப்பவரின் வேலை முழுவதும் எச்சத்தைச் சேர்ந்தது. செயின் தாவுகிறது என்பது வெள்ளம். மழை எங்கே பெய்தது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

இந்திய அளவை மரபுகளில் ஒன்றான நியாயத்தின் மூல நூல் நியாய சூத்திரம். அது இந்த வகை அறிவுக்கு எதிரான வலுவான தடையைத் தானே எழுப்புகிறது. ஆற்றில் நீர் உயர மழைதான் காரணமாக இருக்க வேண்டுமா? கீழே யாரேனும் அணை கட்டித் தடுத்தாலும் நீர் உயருமே! ஒரே விளைவுக்குப் பல காரணங்கள் இருக்கலாம் என்றால், விளைவிலிருந்து காரணத்துக்குப் போகும் வழி அடைபட்டுவிடுகிறது. கியர் கோளாறிலும் இதே சிக்கல்தான். கேபிள் தளர்ந்தாலும், அதன் உறைக்குள் துருவும் மண்ணும் சேர்ந்தாலும், செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் பின் டெரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் வளைந்தாலும், செயின் தேய்ந்தாலும், ஓட்டுபவர் சொல்வது ஒன்றே: “கியர் சரியா விழல.”

நியாய மரபின் பதில் எளிமையானது. வெறும் நீர் உயர்வு மழைக்கு அடையாளம் ஆகாது. மழை வெள்ளம் வேகமாக வரும், நுரைக்கும், இலையும் காயும் கட்டையும் அடித்துவரும். அணையால் தேங்கும் நீரில் இவை இல்லை. அனுமானம் பொய்க்கவில்லை, விளைவை அரைகுறையாகப் பார்த்தவர்தான் பிழை செய்தார் என்பது அதன் வாதம். ஆக, காரணத்தைத் தேடுவதற்கு முன் விளைவை முழுமையாக விவரிக்க வேண்டும்.

கியரில் அந்த விவரிப்பு எப்படி அமையும் என்பதை அறிய அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். 8 பல்சக்கரம் கொண்ட ஷிமானோ அமைப்பில் ஷிஃப்டரை ஒரு சொடுக்கு அழுத்தினால் கேபிள் ஏறத்தாழ 2.8 மி.மீ. இழுபடும். டெரெய்லர் அதைப் பெருக்கி, பல்சக்கரங்களின் இடைவெளியான 4.8 மி.மீ. அளவுக்கு நகரும். இழுப்பது கேபிள். திருப்பிக் கொண்டுவருவது டெரெய்லரின் ஸ்பிரிங். இந்த இரண்டும் தெரிந்தால் அறிகுறி பேசத் தொடங்கும்.

பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால் கேபிளில் இழுப்பு போதவில்லை. இழுப்பைக் கூட்டிக் குறைக்கும் பேரல் அட்ஜஸ்டரை இடஞ்சுழியாகக் கால் சுற்று திருப்பிப் பார்க்கலாம். ஏறுவது சரியாக இருந்து சிறிய சக்கரத்துக்கு இறங்கத் தாமதித்தால், இழுப்பு மிகுந்திருக்கலாம், அல்லது உறைக்குள் கேபிள் சிக்கி ஸ்பிரிங்கின் வலு போதாமல் போயிருக்கலாம். பின் பல்சக்கரத் தொகுதியான காசெட்டின் ஒரு முனையில் ஒழுங்காக விழுந்து மறுமுனையில் மட்டும் தடுமாறினால் ஹேங்கர் வளைந்திருக்க வாய்ப்பு அதிகம். கடைசிச் சக்கரத்தை எட்டவே இல்லை, அல்லது அதைத் தாண்டி விழுகிறது என்றால் டெரெய்லரின் நகர்வுக்கு எல்லை வைக்கும் லிமிட் ஸ்க்ரூவைப் பார்க்க வேண்டும். கியர் மாற்றாதபோதும் ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கையில் செயின் தாவினால் அது தேய்மானத்தின் அடையாளம். இப்படிப் பிரித்துச் சொன்னதும் ஐந்தாறு காரணங்கள் ஒன்று இரண்டாகக் குறைகின்றன.

ஆனாலும் சந்தேகம் முற்றிலும் ஒழிவதில்லை. புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு என்பதை எல்லாக் காலத்துக்கும் யார் கண்டார் என்று, காண்டலை மட்டுமே அளவையாக ஏற்ற சார்வாகர் கேட்டனர். ஒன்றையடுத்து ஒன்று வருவதைத்தான் காண்கிறோம், இரண்டையும் பிணைக்கும் கட்டாயத்தைக் காண்பதில்லை என்று டேவிட் ஹியூம் 1748இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். ஸ்க்ரூவைத் திருப்பினோம், கியர் விழுந்தது. திருப்பியதால்தான் விழுந்ததா?

இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. நியாய மரபைச் சேர்ந்த உதயணர், சந்தேகிப்பவரின் சொந்தச் செயலோடு முரண்படும் இடத்தில் சந்தேகம் நின்றுவிட வேண்டும் என்றார். காரணத்தை நம்பாதவர் பசிக்குச் சோற்றைத் தேடமாட்டார். ஜான் ஸ்டூவர்ட் மில் 1843இல் வகுத்த வேற்றுமை முறை இன்னும் நடைமுறைக்கு உகந்தது: மற்றவை அனைத்தும் மாறாதிருக்க ஒன்றை மட்டும் மாற்றி, விளைவு மாறுகிறதா என்று காண்பது. திருப்பிய ஸ்க்ரூவைப் பழைய நிலைக்கே கொண்டுபோய், கோளாறு திரும்ப வருகிறதா என்றும் பார்த்துவிட்டால் தற்செயலுக்கு இடம் குறைகிறது. கேபிளையும் ஸ்க்ரூவையும் ஒரே நேரத்தில் மாற்றுபவருக்குக் கியர் சரியாகலாம், காரணம் தெரியாது.

பழைய வண்டியில் இன்னொரு ஆழமான சிக்கல் உண்டு. செயினும் காசெட்டும் சேர்ந்தே தேய்ந்திருந்தால் அவை ஒன்றோடொன்று பொருந்தி ஓடும். 12 முழுக் கண்ணிகளின் நீளம் புதிய செயினில் 304.8 மி.மீ. அது 307 மி.மீ. ஆனதைக் கண்டு செயினை மட்டும் மாற்றினால், அதுவரை தாவாத வண்டி தாவத் தொடங்கலாம். காரணம் புதிய செயினா, பழைய காசெட்டா? தனித்தனியே இரண்டும் அல்ல, இரண்டும் கூடியதே காரணம். ஒரு விளைவின் முழுக் காரணம் அதன் நிபந்தனைகள் அனைத்தின் தொகுதி என்று மில் சொன்னதும், காரணங்களின் கூட்டத்தைச் சாமக்கிரி என்று இந்திய மரபு சொன்னதும் இதைத்தான். அந்தத் தொகுதியிலிருந்து நாம் மாற்றக்கூடிய ஒன்றைப் பொறுக்கி அதற்குக் காரணம் என்று பெயர் வைக்கிறோம்.

வளைந்த ஹேங்கரைச் சரிசெய்யாமல், அதை ஈடுகட்ட முந்தைய உரிமையாளர் ஸ்க்ரூக்களை முறுக்கியிருக்கலாம். அப்போது ஒரு பிழை இன்னொரு பிழையை மறைக்கிறது. “ட்யூனிங் பண்ணாப் போதும்” என்று விற்பவர் சொல்வதை உரை அளவையாக, அதாவது நம்பத்தக்கவர் சொல்லாக, ஏற்கலாமா? நம்பத்தக்கவர் என்பவர் பொருளை அறிந்தவராகவும், அறிந்தபடியே சொல்ல விரும்புபவராகவும் இருக்க வேண்டும் என்பது நியாய மரபின் இலக்கணம். விற்பவரிடம் முதல் தகுதி இருந்தாலும் இரண்டாவதை உறுதிசெய்ய வழியில்லை.

ஆகவே சோதனைக்கு ஒரு வரிசை தேவை. எது எதைச் சார்ந்திருக்கிறது என்பதே அந்த வரிசையைத் தரும். முதலில் ஹேங்கர் நேராக இருக்கிறதா என்று பின்னாலிருந்து பார்க்க வேண்டும். அடுத்துச் செயினையும் காசெட்டையும் அளக்க வேண்டும். பிறகு கேபிளும் உறையும், அதன்பின் லிமிட் ஸ்க்ரூ, கடைசியாகப் பேரல் அட்ஜஸ்டர். பின்னவை பெரும்பாலும் முன்னவை சரியாக இருப்பதை நம்பியே அளவு கொள்கின்றன. பலர் கடைசியிலிருந்து தொடங்குவது அது கைக்கு எளிதாக எட்டுவதால்தான்.

விளைவிலிருந்து காரணத்தை அறிய முடியும். ஆனால் அந்த அறிவு கணக்கின் விடைபோல ஐயமற்றதாக இருக்காது. விளைவைக் கூர்ந்து விவரித்து, ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றி, மாற்றியதைத் திருப்பியும் பார்த்த அளவுக்குத்தான் அதற்கு உறுதி உண்டு.