கைதியின் உழைப்பும் ஊரின் கட்டடமும்

சிங்கப்பூரில் 1856-இல் தொடங்கப்பெற்று 1861-இல் முதல் வழிபாடு நடந்த புனித அந்திரேயர் தேவாலயத்தை எழுப்பியவர்கள், தீவாந்தர சிட்சை பெற்று இந்தியாவினின்றும் கப்பலேற்றப்பட்ட கைதிகள். கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டை வெண்கருவும் சர்க்கரையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுக் குழைத்து, அதன் உட்சுவர்களுக்கு அவர்கள் பூசிய சாந்து சென்னையின் பெயராலேயே அங்கு வழங்கிற்று. சாலைகள் பலவும், 1869-இல் முடிந்த தேசாதிபதி மாளிகையும் அவர்களுடைய உழைப்பே.

இம்முறையை வெறுங்கொடுமை என்று ஒதுக்கிவிடுதல் நேர்மையன்று. கல் செதுக்கவும் செங்கல் சுடவும் மரம் இழைக்கவும் அங்கே கைதிகள் கற்றனர். நன்னடத்தையால் படிப்படியாக உயர்ந்து, சக கைதிகளுக்கே காவலரானோரும் உண்டு. யாதொரு வேலையுமின்றி ஒரு மனிதனை ஆண்டுக்கணக்கில் அடைத்து வைப்பதினும் இது மேலானது என்பதில் ஐயமில்லை. ஆயினும், குற்றத்தின் அளவை நோக்கி நியாயாதிபதி விதித்த தண்டனை, கடலைத் தாண்டியதும் ஒரு குடியேற்றத்தின் கட்டடத் தேவையை நிறைவேற்றும் சாதனமாக மாறிவிட்டதே, தர்மசங்கடம் அங்கேதான் பிறக்கிறது.

பயன் தனியாருக்கன்றிப் பொதுமக்களுக்குச் சேருமாயின் தோஷமில்லை என்பார் உளர். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம், கைதிகளைத் தனியார் சுரங்கங்களுக்கும் செங்கற்சூளைகளுக்கும் குத்தகைக்கு விடும் வழக்கத்தை 1908-இல் ஒழித்தது. ஒழித்த கையோடு அவர்களைக் கால் விலங்குடன் பொதுச் சாலைகள் போட அனுப்பிற்று. அடிமைத்தனத்தை நீக்கிய 1865-ஆம் ஆண்டின் அரசியல் சட்டத் திருத்தமே, குற்றத்துக்குத் தண்டனையாக வாங்கும் கட்டாய வேலையைத் தன் தடையினின்றும் விலக்கியிருந்தது. ஆதலால், வேலையின்றித் திரிந்தான் என்பது போன்ற அற்பக் காரணங்களுக்காகப் பிடிபட்ட கறுப்பின மக்களைச் சங்கிலியில் பிணைத்து வேலை வாங்க அங்கே சட்டத்தின் தடை இருக்கவில்லை. சாலை எல்லோருக்கும் பொதுவானதுதான்; எனினும், கைதிகள் குறைந்தால் சாலை வேலை நின்றுபோகும் என்ற நிலை வந்தபின், கைதிகளைக் குறைப்பதில் அரசாங்கத்துக்கு என்ன சிரத்தை இருக்கும்?

கடுங்காவல் கைதியின் உழைப்புக்கும் நியாயமான ஊதியம் உண்டென்றும், அதில் ஒரு பகுதி குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்குச் சேரவேண்டுமென்றும் நம் உச்சநீதிமன்றம் 1998-இல் கூறியது. பிராயச்சித்தம் என்பதற்கு அப்போதுதான் பொருள் உண்டாகிறது. ஆனால் அந்த ஊதியம், வெளியே கொத்தனாரும் சித்தாளும் பெறும் கூலிக்குக் குறைவுபடலாகாது. குறைவுபட்டால் அவர்கள் வீட்டு அடுப்பும் சேர்ந்து அவியும். பள்ளிக்கூடமோ மருத்துவமனையோ கட்ட முற்படும் ஒரு நகராட்சி, அந்த முழுக் கூலியையும் தன் திட்ட மதிப்பீட்டில் எழுதிய பின்னரும், இசைந்து வரும் கைதிகளையே வேலைக்குக் கேட்குமாயின், அவர்கள் தொழில் கற்று வாழவேண்டுமென்று அது மெய்யாகவே விரும்புகிறது என நம்பலாம்.