சேலத்தில் நீதியும் பதவிப்பற்றும்

1692இல் மாசசூசெட்ஸின் சேலத்தில், திருச்சபையை வேதத்தின்படி தூய்மைப்படுத்த முனைந்த பியூரிட்டன் சமூகம் சூனியக் குற்றத்திற்காக 19 பேரைத் தூக்கிலிட்டதற்கு மதவெறியை மட்டும் காரணமாகக் கூறுவது போதாது. புகார்கள் பலவற்றில் கையொப்பமிட்ட தாமஸ் புட்னம், எதிர்பார்த்த குடும்பச் சொத்தின் பெரும்பகுதி மாற்றாந்தாய் மகனுக்குச் சென்றதால் செல்வாக்குக் குன்றியவர்.

எனினும் கனத்த பொறுப்பு நீதிபீடத்தையே சேரும். குற்றஞ்சாட்டப்பட்டவரின் உருவம் ஆவியாக வந்து தம்மை வதைத்ததாக ஒருவர் கூறும் ‘ஆவிச் சாட்சியம்’, குற்றமற்றவரின் உருவைச் சாத்தான் எடுக்கக் கடவுள் அனுமதிப்பாரா என்ற இறையியல் ஐயம் தீராதிருந்தும், தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டௌட்டனால் ஏற்கப்பட்டது. பக்திமிக்க முதியவளான ரெபெக்கா நர்ஸ் குற்றமற்றவள் என்று நடுவர் குழு அறிவித்தபோது, அதை மறுபடி ஆராயுமாறு அவர் திருப்பியனுப்ப, தீர்ப்பு மாறி அவள் உயிர் பறிக்கப்பட்டது. இது கொடிய அநீதி. சக நீதிபதி சாமுவேல் சீவல் 1697இல் சபையார்முன் குற்றத்தை ஏற்றுக்கொண்டார். ஸ்டௌட்டனோ வருந்தாமலேயே, 1694 முதல் பொறுப்பு ஆளுநராகவும் ஆட்சி செலுத்தினார்.