பழக்குதலும் பணியவைத்தலும்

நாயின் நன்றிக்கு நம் பாடநூல்கள் காட்டும் பழைய சான்று நாலடியாரிலே உள்ளது. நட்பாராய்தல் என்னும் அதிகாரத்துச் செய்யுளொன்று யானையையும் நாயையும் எதிரெதிரே நிறுத்துகிறது. யானை நெடுநாட் பழகிய பாகனையும் கொன்றுவிடும். நாயோ தன்மேல் வேலெறிந்தவனைக் கண்டபோதும், அவ்வேல் உடலிலே தைத்து நிற்க, வாலையாட்டும். ஆகவே நாயை ஒத்தவரையே நண்பராகத் தேர்க என்பது செய்யுளின் முடிவு. இதனைப் படிப்பிக்கும் நாம் நாயின் பெருமையை விரித்துரைக்கிறோம், மாணவர் குறித்துக்கொள்கின்றனர். வேலெறிந்தவன் யார், ஏன் எறிந்தான் என்று வகுப்பிலே எவரும் கேட்பதில்லை. பரீட்சையிலும் அவ்வினா வருவதில்லை.

பாடிய சமண முனிவரைக் குறைகூறுவது என் நோக்கமன்று. நட்பின் உறுதியை விளக்க அவர் கைக்கொண்ட உவமை அது. ஆயினும், அடிப்பவனை நேசிக்கும் உயிரைப் போற்றிவந்த மரபு, அடிப்பவனை ஒருபோதும் விசாரணைக்கு அழைக்கவில்லை என்பது கவனித்தற்குரியது. இக்கட்டுரையில் அவனைச் சற்று விசாரிக்கலாம் என எண்ணுகிறேன்.

இன்று நாய் பழக்குவோரின் வாயிலே அடிக்கடி வரும் சொற்கள் மூன்று: ஒழுங்கு, மாறாமை, அமைதியான தலைமை. இவற்றைக் கேட்கும்போது நமக்கு ஆசிரியர் கலாசாலை விரிவுரைகள் நினைவுக்கு வருவது இயல்பே. வகுப்பை நடத்துவதற்கும் இவையே வேண்டும் என்று நமக்குச் சொல்லப்பட்டது. ஆயின், தன் கையதிகாரத்துக்கு உட்பட்ட ஓர் உயிரின் நடத்தையை மாற்றியமைக்கும் உரிமை ஒருவனுக்கு எங்கிருந்து வருகிறது? அவ்வுரிமையோடு அவன்மேல் ஏறும் கடன் யாது? நாயைப் பொறுத்தவரை இவ்வினாவை மிகத் தெளிவாக ஆராயலாம். நாய்க்குச் சங்கம் இல்லை, மனுக்கொடுக்க வழியில்லை, படலையைத் திறந்து போய்விடுவதற்குக் கையுமில்லை. அதிகாரம் முழுவதும் ஒரு பக்கத்திலே கிடக்கிறது.

“அடியாத மாடு பணியாது” என்பது நம்மவர் பழமொழி. இதே கொள்கையை ஐரோப்பாவிலே நூலாக எழுதியவர்களுள் ஜேர்மானியப் பொலிஸ் அதிகாரியான கொன்ராட் மோஸ்ற் முக்கியமானவர். 1910இல் வெளிவந்த அவருடைய நூல் பொலிஸ் நாய்களையும் போர்நாய்களையும் பழக்குவதற்கு நெடுங்காலம் வழிகாட்டியாயிருந்தது. செய்யவேண்டியதைச் செய்வித்தபின் நயமாக நடத்தவேண்டும் என்பதையும் அவர் அறிந்திருந்தார். எனினும் கட்டாயமே அவர் முறைக்கு அடித்தளம். சாட்டையும் முட்கழுத்துப் பட்டையும் அதன் கருவிகள்.

இக்கட்டாயத்துக்குப் பின்னர் விஞ்ஞானத்தின் ஆசியும் கிடைத்தது. சுவிற்சர்லாந்திலே பாசல் நகர மிருகக்காட்சிச்சாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களை அவதானித்த றுடொல்ஃப் ஷெங்கல் 1947இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். குறுகிய வேலிக்குள் கூட்டிவைக்கப்பட்ட அவ்விலங்குகள் ஒன்றையொன்று அடக்கி மேல்நிலை பெறப் போராடியதை அவர் விவரித்தார். அமெரிக்கரான டேவிட் மெக் 1970இல் எழுதிய ஓநாய் பற்றிய பெருநூல் இக்கருத்தை உலகெங்கும் பரப்பிற்று. அதிலிருந்து நாய் பழக்குவோர் ஒரு சித்தாந்தத்தையே கட்டியெழுப்பினர்: ஓநாய்க் கூட்டத்துக்கு வலிய தலைவன் உண்டு, நாய் ஓநாயின் வழிவந்தது, ஆகவே வீட்டுக்காரன் நாயை மண்ணிலே புரட்டி அழுத்தித் தன் தலைமையை நிலைநாட்டவேண்டும்.

இதே மெக்தான் பின்னர் கனடாவின் வட துருவத்தை அண்டிய எல்ஸ்மியர் தீவிலே சுதந்திரமாய் வாழும் ஓநாய்களைப் பல கோடைகாலங்கள் அருகிருந்து பார்த்தார். 1999இல் அவர் எழுதிய கட்டுரை பழைய கோட்டையை இடித்துவிட்டது. காட்டிலே ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம்: தாய், தந்தை, பிள்ளைகள். தலைவன் என நாம் அழைத்தது தகப்பனை. பிள்ளைகள் பின்தொடர்வது போரில் தோற்றமையாலன்று. இரை தேடவும் பிழைக்கவும் பெற்றோர் அறிந்திருப்பதால். தமது பழைய நூலை மேலும் அச்சிடவேண்டாம் என்று பதிப்பகத்தாரை அவரே வேண்டிக்கொண்டார். அறிஞர் ஒருவர் தமது புகழுக்குக் காரணமான கருத்தைத் தாமே திருத்த முன்வருவது அபூர்வம். அதற்காகவே அவரை மதிக்கலாம்.

சிறைக்குள்ளே நிகழ்ந்ததைக் கண்டு, இதுவே இயற்கை என்று கூறிவிட்டோம் என்பதுதான் இதிலுள்ள பாடம். முற்போக்குச் சிந்தனையுடையோருக்கு இத்தவறு புதியதன்று. பட்டினி கிடப்போர் ஒருவரோடொருவர் பிடுங்குப்படுவதைக் காட்டி, மனித இயல்பே இதுதான் என்று வாதிடுவோரை நாம் நாள்தோறும் சந்திக்கிறோம். வேலியை யார் போட்டார் என்பது அவர்களுடைய ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்டது.

தலைமை பற்றிய மாயை நீங்கியபின், மாறாமை என்பதன் பொருள் வேறாகிறது. நம் ஊர் வீடுகளிலே நாய் வளரும் முறையை நோக்குவோம். இன்று குசினி வாசலில் நிற்கும் நாய்க்குச் சிறுவன் மீன்தலையை எறிகிறான். நாளை அதே வாசலில் அதே இடத்தில் நிற்கும்போது தகப்பனார் விறகுக்கட்டையை எறிகிறார். நாய் மாறவில்லை, வாசலும் மாறவில்லை. தகப்பனாருக்கு அன்று கந்தோரிலே மனக்கசப்பு. இதனை நாய் எவ்வாறு அறியும்?

இத்தகைய குழப்பம் ஓர் உயிரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதைப் பவ்லோவின் ஆய்வுகூடம் 1914ஆம் ஆண்டளவிலேயே கண்டது. ஷெங்கர்-கிறெஸ்ரொவ்னிகோவா என்ற ஆய்வாளர் நாயொன்றுக்கு வட்டத்தைக் காட்டியபின் உணவு கொடுத்தார். நீள்வட்டத்தைக் காட்டியபின் கொடுக்கவில்லை. நாய் இரண்டையும் எளிதிலே பிரித்தறிந்தது. பின்னர் நீள்வட்டம் சிறிது சிறிதாக வட்டத்தை நோக்கி மாற்றப்பட்டது. நீளமும் அகலமும் ஒன்பதுக்கு எட்டு என்ற விகிதத்தை அடைந்தபோது நாயால் உறுதியாகப் பிரித்தறிய இயலவில்லை. மூன்று வாரங்கள் முயன்றும் திறன் வளரவில்லை. மாறாக, முன்னர் கற்றதும் அழிந்தது. அதுவரை சாந்தமாயிருந்த பிராணி ஊளையிட்டது, துள்ளியது, தன்மேற் பொருத்தியிருந்த கருவிகளைப் பல்லாற் கடித்துக் குதறிற்று. அந்நாயை எவரும் அடிக்கவில்லை என்பதை மறத்தலாகாது. அதற்கு நேர்ந்த கொடுமை, எது எதற்கு அடையாளம் என்று அறியும் வழி அடைபட்டமையே.

ஆகவே மாறாமை என்பது நாயிடம் கேட்கும் பண்பன்று. எசமான் நாய்க்குக் கொடுக்கும் வாக்கு அது. அழைக்கும் சொல் எப்பொழுதும் ஒரே சொல்லாயிருத்தல், நன்று செய்த கணத்திலேயே பரிசு கிடைத்தல், வீட்டிலுள்ள அனைவரும் ஒரே விதியைக் கடைப்பிடித்தல், வரச்சொல்லி அழைத்து வந்தபின் அடியாதிருத்தல் ஆகிய யாவும் மனிதன் கற்கவேண்டியவை. நாய் பழக்கும் பாடத்தின் பெரும்பகுதி நாய்க்குரியதன்று என்று சொன்னால் மிகையாகாது.

இவ்விடத்தில் தண்டனை பற்றிய ஓர் ஆய்வைச் சற்று விரிவாகக் கூறவேண்டும். ஆசிரியர்கள் இதனை ஆறுதலாகச் சிந்திக்கவேண்டும் என்பது என் விருப்பம். வீட்டுக்காரர் திரும்பும்போது பொருளொன்று உடைந்து கிடக்கிறது. நாய் காதை மடக்கி, முகத்தைத் திருப்பி, வாலை ஒடுக்கிக்கொண்டு நிற்கிறது. “பார், செய்த குற்றம் அதன் முகத்திலே தெரிகிறது” என்கிறார் அவர். அமெரிக்க ஆய்வாளரான அலெக்சாண்ட்ரா ஹொறோவிற்ஸ் இதனைச் சோதித்து 2009இல் முடிவுகளை வெளியிட்டார். வீட்டுக்காரர் தின்பண்டமொன்றை வைத்து, தின்னாதே என்று கட்டளையிட்டு வெளியே போவார். சில வேளைகளில் நாய் அதனைத் தின்னும். சில வேளைகளில் தின்னாது. ஆனால் திரும்பி வரும் வீட்டுக்காரருக்கு உண்மை எப்பொழுதும் சொல்லப்படவில்லை. குற்றமற்ற நாய் தின்றுவிட்டதாகவும் சொல்லப்பட்டது. முடிவு என்ன? குற்றவாளியின் முகத்தோற்றத்துக்கும் குற்றத்துக்கும் தொடர்பில்லை. ஏச்சு விழுந்தபோது அத்தோற்றம் வந்தது. அதிலும் குற்றம் செய்யாது ஏச்சு வாங்கிய நாய்களிடமே அது மிகுதியாகத் தோன்றிற்று.

வகுப்பிலே தலைகுனிந்து நிற்கும் பிள்ளையைக் கண்டு, இவன்தான் செய்தான் என்று தீர்மானித்த ஆசிரியர்கள் எத்தனைபேர்! அச்சத்தை நாமே உண்டாக்கி, அவ்வச்சத்தையே குற்றத்துக்குச் சான்றாக்கிக்கொள்ளும் நீதி முறை பாடசாலையோடு நின்றுவிடுவதுமில்லை. பொலிஸ் நிலையங்களின் கதைகளை வாசகர் அறிவர்.

வன்முறையால் பழக்கிய நாய் விரைவிற் பணியலாம். அதன் உள்ளே நிகழ்வது வேறு. போர்த்துக்கல்லிலே 92 வீட்டு நாய்களைக் கொண்டு நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வு, தண்டனை மிகுந்த பயிற்சிக்குப் பின் நாய்களின் உமிழ்நீரில் மன அழுத்தத்தைக் குறிக்கும் கோட்டிசோல் என்ற ஓமோன் கூடியிருந்தமையைக் கண்டது. பரிசளித்துப் பழக்கிய நாய்களில் அவ்வாறில்லை. உணவு இருக்குமோ இராதோ என்ற ஐயமான கிண்ணத்தை நோக்கி, தண்டனை மிகுதியாகப் பெற்ற நாய்கள் தயங்கித் தயங்கியே சென்றன. நம்பிக்கையே குன்றிவிட்டது எனலாம்.

இதுவரை கூறியவற்றைக் கொண்டு, அமைதியும் மாறாமையும் இருந்தாற் போதும் என்று முடிவு கட்டிவிடலாமா? பலர் அவ்வாறே கட்டிவிடுகின்றனர். எனக்கு அதில் உடன்பாடில்லை.

பவ்லோவும் அவருடைய உடனாய்வாளரொருவரும் 1917இல் ஒரு விசித்திரமான நாயைப் பற்றி எழுதினர். மனிதரோடு இணக்கமான நாய் அது. ஆனால் பரிசோதனைத் தாங்கியிலே கட்டி நிறுத்தியவுடன் அமைதியிழந்தது; வாயிலிருந்து உமிழ்நீர் இடையறாது ஒழுகிற்று. கட்டுப்படுவதையே அது எதிர்க்கிறது என்று கண்ட அவர்கள் அதற்குச் “சுதந்திரத் தெறிவினை” என்று பெயரிட்டனர். அழகான பெயர்! அதன்பின் அவர்கள் செய்தது யாது? தாங்கியிலே நிற்கும்போது மட்டும் உணவு கொடுத்தனர், வேறெங்கும் கொடுக்கவில்லை. முதலில் நாய் சரிவர உண்ணவில்லை, மெலிந்தது. சில மாதங்களில் அடங்கிற்று. சாட்டை இல்லை, கூச்சல் இல்லை, விதி ஒருநாளும் மாறவில்லை. ஒழுங்கு, மாறாமை, அமைதி ஆகிய மூன்றும் அங்கே குறைவறப் பொருந்தியிருந்தன. சோவியத் விஞ்ஞானம் போற்றிய பேரறிஞர் என்பதற்காக இதனை நாம் மூடி மறைக்கவேண்டியதில்லை.

அந்நிய துரைமார் காலத்துத் தேயிலைத் தோட்டத்தையும் நினைத்துக்கொள்ளலாம். விடியுமுன்னே பிரட்டுக் களத்தில் ஆளெண்ணும் ஒழுங்கு ஒருநாளும் பிசகியதில்லை. பிந்தி வந்தவருக்கு அரைப்பேர் போடுவதற்குத் துரை குரலை உயர்த்தவேண்டியதுமில்லை. இங்கே உழைப்பாளரை நாயோடு ஒப்பிடுவதாக எவரும் கொள்ளற்க. எசமானரை எசமானரோடு ஒப்பிடுகிறேன். அமைதி என்பது ஆளுவோனின் ஒரு பண்பு. அவன் எதற்காக ஆளுகிறான் என்பதற்கு அது விடையாகாது.

அவ்வாறாயின் பழக்குதலைப் பணியவைத்தலிலிருந்து பிரிப்பது எது? ஒழுங்கினால் அவ்வுயிரின் ஆற்றல் விரிகிறதா, சுருங்குகிறதா என்று பார்க்கவேண்டும் என்பேன். செலிக்மன், மையர் என்னும் அமெரிக்க உளவியலாளர்கள் 1967இல் நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்து நடத்திய பரிசோதனைகள் அருவருக்கத்தக்கவை. ஆயினும் அவை காட்டியதைப் புறக்கணிக்க இயலாது. எது செய்தும் அதிர்ச்சியை நிறுத்த இயலாதிருந்த நாய்களுட் பெரும்பாலானவை, பின்னர் தாண்டித் தப்பக்கூடிய தாழ்ந்த தடுப்பு முன்னே இருந்தும், படுத்துக் கிடந்து அதிர்ச்சியை ஏற்றன. அவை சோர்வைக் கற்றுக்கொண்டன என்று அன்று விளக்கம் கூறப்பட்டது. சுமார் ஐம்பது ஆண்டுகளின் பின், 2016இல், அவ்விருவருமே அவ்விளக்கத்தைத் தலைகீழாக்கினர். நீடித்த துன்பத்தின் முன் ஒடுங்குவது உயிரின் முதல் இயல்பு. என் செயலால் ஏதோ மாறும் என்பதே கற்றுக்கொள்ளப்படுவது. அப்படியானால் அதனைக் கற்பிக்கவும் முடியும். நன்கு பழக்கிய நாய் உண்மையிலே கற்பது இதனைத்தான்: நான் இருந்தால் கதவு திறக்கும், நான் வந்தால் கை தடவும், உலகம் என் செயலுக்கு விடையளிக்கிறது.

இதன் உயர்ந்த எல்லையைக் கண்ணிழந்தோருக்கு வழிகாட்டும் நாய்களிடம் காணலாம். முதல் உலகப் போரிலே பார்வையிழந்த போர்வீரருக்கென ஜேர்மனியின் ஓல்டன்பேர்க் நகரில் 1916இல் இதற்கான பாடசாலை தொடங்கிற்று. கொலைத்தொழிலுக்கு நாயைப் பழக்கிய அதே போர்க்காலத்தில், அதே நாட்டிலே, இதுவும் பிறந்தது. அமெரிக்காவில் இத்தகைய பாடசாலை 1929இல் நிறுவப்பட்டது. இந்நாய் எண்ணற்ற கட்டளைகளுக்குப் பணியவேண்டும். அவற்றோடு, பணியாதிருக்கவும் கற்கவேண்டும். பழக்குபவர் வீதியோரத்திலே நின்று “முன்னே போ” என்கிறார். அதே கணத்தில், முன்னரே பேசிவைத்தபடி, அவருடைய சகபாடி மோட்டார் வண்டியை ஓட்டி வருகிறார். கட்டளையை மீறி நிற்கும் நாயை, குறுக்கே நின்று எசமானைத் தடுக்கும் நாயை, அவர் பாராட்டுகிறார். பல வாரங்கள் இதே பாடம், அமைதியாக, மாறாமல் நடைபெறுகிறது.

பிள்ளைகளை நாய்களைப் போலப் பழக்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை. பிள்ளை “ஏன்?” என்று கேட்கும், அதற்கு விடை சொல்லும் கடன் நமக்குண்டு. நாய்க்கு அவ்வசதியில்லை. ஆனால் கேட்க இயலாத உயிருக்கே மறுக்கும் இடம் ஒதுக்கி ஒரு பாடத்திட்டம் வகுக்க முடிந்திருக்கிறது. கேட்க இயன்றவருக்கு நம் பாடத்திட்டத்திலே எத்தனை நிமிடங்கள் ஒதுக்கியிருக்கிறோம்?

அப்பாடசாலைகளிலே நாய் தேறியபின் பார்வையிழந்தவரும் அதனோடு சில வாரங்கள் பயில்கிறார். “போ” என்று சொல்லியும் நாய் நின்றுவிட்டால் ஏசாதிருக்கவும், வாரை இழுக்காதிருக்கவும், தம் காலை மெதுவாக முன்னே நீட்டி, அங்கே படியா, பள்ளமா, வேறெதுவுமா என்று தடவிப் பார்க்கவும் அவருக்குக் கற்பிக்கிறார்கள்.