எவர் இட்ட உப்பு

மாசி மகத்தன்று சுவாமி கடலாட எழுந்தருளும் எங்கள் திருவேட்டக்குடிக் கடற்கரையில், திருவிழாப் பந்தலின் மூங்கில்களை ஆட்கள் அவிழ்த்துக்கொண்டிருந்த ஒரு மாலைப்பொழுதில், என் தங்கை மகன் தனக்கு வந்திருக்கும் உத்தியோகத்தைப் பற்றி என் அபிப்பிராயத்தைக் கேட்டான். தேர்தலும் இல்லாமல், எதிர்த்தெழுதும் பத்திரிகையும் இல்லாமல், ஆள்வோரின் சித்தமே சட்டமாக நடக்கும் அயல்நாடு ஒன்றின் அரசாங்கம், வீதிதோறும் பொருத்தியுள்ள கேமராக்களில் பதியும் முகங்களை இன்னாருடையவை என்று கண்டுசொல்லும் கணினி ஏற்பாட்டைச் செம்மைப்படுத்த அவனை அழைத்திருந்தது. இங்கே எட்டு மாதம் உழைத்துப் பெறுவதை அங்கே ஒரே மாதத்தில் தருவார்கள். அவன் படிப்புக்கு வாங்கிய கடன் வங்கியில் நிற்கிறது. அவன் தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். "நான் யாரையும் அடிக்கப் போறதில்ல மாமா, கம்ப்யூட்டர் முன்னாடி உட்காரப் போறேன், அவ்வளவுதான்" என்றான். அந்த 'அவ்வளவுதான்' என்ற சொல்லிலேயே, அவ்வளவுதானா என்ற ஐயமும் கலந்திருந்தது.

உடனே பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. ஏனெனில் இதே கேள்விக்கு எங்கள் குடும்பம் ஒருமுறை விடை சொல்லியிருக்கிறது. அந்த விடையின் பயனாக வந்த பணத்தில்தான் நான் எழுத்தறிந்தேன்.

புதுச்சேரியிலிருந்தும், 1739ஆம் ஆண்டு முதல் பிரெஞ்சுக்காரர் ஆண்ட காரைக்காலிலிருந்தும், 1859இல் சைகோன் அவர்கள் வசமான பிற்பாடு, தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள், இன்றைய வியட்நாமின் தென்பகுதியான கொச்சின்சீனாவுக்குக் கப்பலேறினார்கள். சொந்த வழக்காறுகளைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றுக்கொள்வோருக்குப் பிரெஞ்சுக் குடிமக்களின் அந்தஸ்தை அளித்த 1881ஆம் ஆண்டின் ஆணை அவர்களில் பலருக்கு அரசாங்க உத்தியோகத்தின் கதவைத் திறந்துவிட்டது. காவல்துறையிலும் சுங்கத்திலும் கருவூலத்திலும் நீதிமன்றங்களிலும் அவர்கள் அமர்ந்தார்கள். தம் சொந்த ஊரிலே அந்நியக் கொடியின் கீழ் வாழ்ந்த மக்கள், அதே கொடியின் பெயரால் வேறொரு மக்களின்மீது அதிகாரம் செலுத்தப் போனார்கள் என்பதே இந்தச் சரித்திரத்தின் வேதனை. அவர்களுள் ஒருவர் என் தாத்தா.

தாத்தாவுக்கு வாய்த்தது உப்புக் காவல். 1897இல் இந்தோசீனாவின் கவர்னர் ஜெனரலாக வந்த பால் தூமேர் என்பவர், அபினி, சாராயம், உப்பு ஆகிய மூன்றையும் அரசாங்கத்தின் ஏகபோகமாக்கி, அவற்றின் வருமானத்தைக் கொண்டே ஆட்சியின் செலவை நடத்த வழிசெய்தார். உப்பு விளைவித்தவன் அதனை அரசாங்கம் வைத்த விலைக்கு அரசாங்கத்துக்கே விற்றாக வேண்டும். பிறகு தன் வீட்டுக் குழம்புக்கும் கருவாட்டுக்கும் வேண்டிய உப்பை, வரியும் சேர்ந்து பன்மடங்கு ஏறிய விலையில் வாங்கிக்கொள்ள வேண்டும். பாத்தியிலிருந்து உப்பு மறைவாக வெளியே போகாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் தாத்தாவைப் போன்ற காவலர்கள்.

பென்ஷன் பெற்று ஊர் திரும்பிய தாத்தா, சைகோனைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அதன் அகன்ற வீதிகளையும், அங்கே நம்மவர் எழுப்பிய மாரியம்மன் கோயிலையும் பற்றியே பேசுவார். ஒரே ஒருமுறை, நான் பள்ளி இறுதி வகுப்பில் இருந்தபோது, திண்ணையில் சாய்வு நாற்காலியில் படுத்தபடியே, நான் கேளாமலே ஒன்றைச் சொன்னார். கடலோரப் பாதையில் ஒரு கிழவியை நிறுத்திச் சோதித்தாராம். அவள் இடுப்புத் துணியின் முடிச்சில் இரண்டு கையளவு உப்பு இருந்ததாம். சட்டப்படி அதை அவிழ்த்துச் சேற்றில் கொட்டி மிதித்தாராம். "அவ ஏதோ சொன்னா. எனக்கு அந்தப் பாஷை அவ்வளவா வராது. வராததே நல்லதாப் போச்சுன்னு அப்ப நினைச்சுக்கிட்டேன்" என்று சொல்லி, வெகுநேரம் தம் வலக்கை விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "நம்ம வேதாரண்யத்துப் பக்கத்துக் கிழவி மாதிரியே இருந்தா" என்றார்.

வேதாரண்யம் என்ற பெயர் அவர் வாயில் வந்தது தற்செயலாக இருக்க முடியாது. எங்கள் கரையைத் தெற்கு நோக்கித் தொடர்ந்தால், நாகப்பட்டினத்தைத் தாண்டி வருகிற அந்த ஊரை நோக்கித்தான், 1930 ஏப்ரல் 13ஆம் நாள் இராஜாஜி தம் தொண்டர்களுடன், ஆங்கிலேயரின் உப்புச் சட்டத்தை மீறுவதற்காகத் திருச்சிராப்பள்ளியிலிருந்து நடந்து புறப்பட்டார். அவர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்பவர்களைத் தண்டிப்பதாகத் தஞ்சைக் கலெக்டர் தார்ன் அறிவித்திருந்தும், வழியெங்கும் மக்கள் அவர்களைப் பசியறியாமல் காத்தார்கள். ஏப்ரல் 30ஆம் நாள் அவர்கள் உப்பை அள்ளினார்கள்; இராஜாஜி சிறைபுகுந்தார். நம் கரையில் ஒரு பிடி உப்புக்காக மனிதர்கள் சிறைக்குப் போன அதே காலத்தில், இன்னொரு கரையில் ஒரு பிடி உப்புக்காக ஒரு கிழவியை வழிமறித்தவர் நம் வீட்டு மனிதர். அவர் கொடியவர் அல்லர். பேரப்பிள்ளைகளைத் தோளில் சுமந்தவர், பிச்சைக்கு வந்தவரை வெறுங்கையுடன் அனுப்பாதவர். இங்கே அந்த வேலையை அவரிடம் கொடுத்திருந்தால் மாட்டேன் என்றிருப்பார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அங்கே எப்படிச் செய்தார்?

இந்தக் கேள்வியை ஐம்பது ஆண்டுகளாகப் புரட்டிப் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது இது. இத்தகைய ஆட்சிகள் நம் திறமைக்கு மாத்திரம் கூலி கொடுப்பதில்லை. நம் அந்நியத்துக்கும் சேர்த்தே கொடுக்கின்றன. அந்த மக்களின் பாஷை நமக்குத் தெரியாது. அவர்கள் வீட்டுத் திருமணத்துக்கு நாம் போகவேண்டியதில்லை. நாம் செய்ததைச் சந்தையில் நின்று நம் முகத்தைப் பார்த்துக் கேட்க அவர்களுக்கு வழியில்லை. அண்டை வீட்டான் செய்யத் தயங்குவதை அயலான் தயங்காமல் செய்வான் என்பது ஆள்வோர் நெடுங்காலமாக அறிந்த தந்திரம். ஆங்கிலேயர் ஷாங்காய் வீதிகளுக்குச் சீக்கியக் காவலரை அனுப்பியதும், பெஷாவரில் முஸ்லிம் பட்டாணியர்களின் எதிரே இந்துக்களான கட்வாலிச் சிப்பாய்களை நிறுத்தியதும் அந்தக் கணக்கினால்தான்.

அந்தக் கணக்கு ஒருமுறை பொய்த்தது. இராஜாஜி நடந்துகொண்டிருந்த அதே மாதம் 23ஆம் நாள், ஆயுதமில்லாத கூட்டத்தின்மீது சுடும்படி பெஷாவரில் உத்தரவு பிறந்தபோது, சந்திர சிங் கட்வாலியும் அவருடைய தோழர்களும் சுட மறுத்தார்கள். அவருக்கு ஆயுள்தண்டனை கிடைத்தது. அவர் மறுத்ததனால் பெஷாவரில் துப்பாக்கிகள் மௌனமாகிவிடவில்லை. பலர் அந்நகரில் மாண்டார்கள். 'நான் போகாவிட்டால் வேறொருவன் போவான்' என்று என் மருமகன் சொன்னபோது, அது மெய்தான் என்று ஒப்புக்கொண்ட நான், கட்வாலியின் பெயரைத்தான் அவனுக்குச் சொன்னேன். வேறொருவன் செய்யப்போகும் காரியத்தின் பாரம் அந்த வேறொருவனுடையது. நம் கையால் செய்ததன் பாரம், நாற்பது ஆண்டு கழித்துத் திண்ணையில் உட்கார்ந்து விரல்களைப் பார்க்கும்போது, நம்மிடமே இருக்கிறது.

எந்த அரசாங்கத்தில்தான் குற்றமில்லை என்றும் அவன் கேட்டான். குற்றமில்லாத அரசாங்கம் எங்குமில்லை. ஆயினும், தவறு செய்த அதிகாரியை நீதிமன்றத்துக்கு இழுக்கவும், பத்திரிகையில் எழுதவும், ஐந்தாண்டுக்கொருமுறை அவன் எஜமானர்களை வீட்டுக்கு அனுப்பவும் மக்களுக்கு வழியிருக்கும் இடத்தில் ஊழியம் செய்வதும், கேட்க நாதியே இல்லாத மக்களின்மீது ஏவப்படுவதும் ஒன்றாகிவிடா.

வறுமையின் வாதத்தை மட்டும் நான் இலகுவாகத் தள்ளமாட்டேன். வினைத்தூய்மை என்ற அதிகாரத்தை வகுத்த வள்ளுவர், பெற்ற தாயின் பசியையே எதிரில் நிறுத்தி, அதற்காகவும் பழிக்கத்தக்கதைச் செய்யாதே என்கிறார். பசியைக் கண்டறியாதவர் அதனைப் பிறருக்கு உபதேசிப்பது எளிது. என் தாத்தாவின் தாய் பசித்திருந்தாள் என்பதை நான் அறிவேன். ஆதலால் அவரை நியாயாசனத்தில் அமர்ந்து விசாரிக்க எனக்கு அருகதையில்லை. என் மருமகனுக்கோ கடன் இருக்கிறது, பசி இல்லை. இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை அவன் மறந்துவிடக் கூடாது என்று மட்டும் சொன்னேன்.

முடிவை நான் சொல்லவில்லை. இரண்டு காரியம் செய்யும்படி கேட்டுக்கொண்டேன். இதே கருவியை நம் தேரடியில் மாட்டி, நம் தெருக்காரர்களின் முகங்களை, யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத ஒருவரிடம் தினந்தோறும் எழுதிக்கொடுக்கச் சொன்னால் செய்வாயா என்று உன்னையே கேட்டுக்கொள் என்றேன். பிறகு, கண்டுபிடிக்கப்படும் முகங்கள் யாரிடம் போகின்றன, அந்த மனிதர்களுக்கு என்ன நேர்கிறது என்று உன்னை அழைத்தவர்களையே கேள் என்றேன். அவன் கேட்டான். இரண்டு நாளில் மிகவும் மரியாதையான கடிதம் வந்தது: அது தங்கள் பணிக்குச் சம்பந்தப்பட்டதன்று.

அதைப் படித்துக்காட்டிவிட்டு அவன் சும்மா இருந்தான். உள்ளே தங்கை இலை போட்டு, வழக்கம்போல முதலில் ஓரத்தில் உப்பை வைத்தாள். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். தாத்தாவும் பிரெஞ்சுக்காரன் உப்பைத் தின்றேன் என்று கடைசிவரை நன்றியோடு சொன்னவர்தாம். அந்த உப்பை விளைவித்தவள் அந்தக் கிழவி என்பதை நினைத்தபோதுதான், அவர் விரல்களைப் பார்த்திருக்க வேண்டும்.

"மாமா, வேண்டாம்னு எழுதிடறேன்" என்று சொல்லிவிட்டு, என் மருமகன் இலைக்கு முன் உட்கார்ந்தான்.